எண் சொல்வதும் உடம்பு சொல்வதும்

தைராய்டு மாத்திரையின் அளவை ஏற்றுவதும் இறக்குவதும் இந்தியக் குடும்பங்களில் வாடிக்கையாகிவிட்டது. பரிசோதனைத் தாளை நம்புவதா, களைப்பை நம்புவதா?

காலை ஏழு மணிக்கு எந்த இந்திய நகரத்தில் எந்த ரத்தப் பரிசோதனைக் கூடத்தின் முன் நின்றாலும் அந்த வரிசை கண்ணில் படும். சர்க்கரைக்காக வந்தவர்கள் ஒரு பக்கம். இன்னொரு பக்கம், பெரும்பாலும் பெண்கள், கையிலுள்ள சீட்டில் மூன்றே எழுத்து: டி.எஸ்.எச். மாலைக்குள் முடிவு தொலைபேசிக்கே வந்துவிடுகிறது. எண் வழக்கமான எல்லையைத் தாண்டியிருந்தால் தடித்த எழுத்தில், பக்கத்தில் ஒரு நட்சத்திரக் குறியோடு இருக்கும். அந்த நட்சத்திரத்தைப் பார்த்த கணத்தில் வீட்டில் விவாதம் தொடங்குகிறது. 75 போதவில்லையா, 100 ஆக்க வேண்டுமா? போன தடவை ஏற்றியபோது படபடப்பு வந்ததே? அடுத்த ஃப்ளாட் மாமி 50தான் சாப்பிடுகிறார், நன்றாகத்தானே இருக்கிறார்?

"எனக்குத் தைராய்டு இருக்கிறது" என்று சொல்வது தமிழிலும் இந்தியிலும் வங்காளியிலும் ஒன்றுபோல் பழகிவிட்டது. கழுத்தின் முன்புறம் வண்ணத்துப்பூச்சி வடிவில் இருக்கும் அந்தச் சுரப்பி எல்லோருக்கும்தான் இருக்கிறது. அது சோர்ந்துபோனவர்கள்தான் அதைப் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறார்கள். அவர்களுடைய எண்ணிக்கை சிறியதல்ல. 2013-இல் வெளியான எட்டு நகர ஆய்வு ஒன்று, தில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, பெங்களூர், ஹைதராபாத், ஆமதாபாத், கோவா ஆகிய இடங்களில் 5,000-க்கும் அதிகமான பெரியவர்களைச் சோதித்தது. அவர்களில் ஏறக்குறைய 11 சதவிகிதத்தினருக்குத் தைராய்டு குறைபாடு. கொல்கத்தாவில் மட்டும் இது 21 சதவிகிதத்தைத் தாண்டியது. சோதிக்கப்பட்டவர்களில் 3 சதவிகிதத்துக்குச் சற்று அதிகமானவர்களுக்கு அந்தச் சோதனையின்போதுதான் விஷயமே தெரிந்தது.

இரண்டு தலைமுறைக்கு முன்பு இந்தியாவில் தைராய்டு என்றால் இமயமலை அடிவாரம்; கழுத்தில் தொங்கும் கழலை. 1956-இல் டாக்டர் வி. ராமலிங்கஸ்வாமியின் குழு இமாசலத்தின் காங்க்ரா பள்ளத்தாக்கில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட மக்களிடையே ஆய்வைத் தொடங்கியது. ஒரு பகுதிக்குச் சாதாரண உப்பு, மற்ற பகுதிகளுக்கு அயோடின் சேர்த்த உப்பு. சில ஆண்டுகளில் அயோடின் உப்பு கிடைத்த இடங்களில் கழலை ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. நாடு தழுவிய கழலைத் தடுப்புத் திட்டம் 1962-இல் வந்ததற்கு அந்த உப்புதான் ஆதாரம். இன்று நகரங்களில் காணப்படுவது வேறு கதை. உடலின் நோய் எதிர்ப்புப் படையே தன் சுரப்பியை அந்நியனாக எண்ணி அரித்துவிடுகிறது. இதை உப்பால் சரிசெய்ய முடியாது. சுரப்பி தர வேண்டியதை மாத்திரையாகத் தினமும் கொடுக்க வேண்டும். மாத்திரையில் இருப்பது லெவோதைராக்ஸின். விலை மலிவு, ஒரு நாள் மாத்திரை ஒரு கோப்பை டீயை விடக் குறைந்த செலவு. கஷ்டமெல்லாம் எவ்வளவு என்பதில்தான்.

அந்த 'எவ்வளவு' என்ற கேள்விக்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு. 1891-இல் இங்கிலாந்தின் நியூகாஸில் நகரில் ஜார்ஜ் மர்ரே என்ற இளம் டாக்டர், உடம்பு வீங்கி, பேச்சு இழுத்து, ஒடுங்கிக் கிடந்த 46 வயதுப் பெண்மணிக்கு ஆட்டின் தைராய்டுச் சாற்றை ஊசி மூலம் செலுத்தினார். அந்தப் பெண் மேலும் 28 ஆண்டுகள் வாழ்ந்தார். அதற்குள் 870-க்கும் மேற்பட்ட ஆடுகளின் தைராய்டு அவர் உடலில் போய்ச் சேர்ந்திருந்தது. அப்போது பரிசோதனைக் கூடத்து எண் எதுவும் கிடையாது. முகத்தின் வீக்கம், நாடித் துடிப்பு, தோலின் ஈரப்பதம், நோயாளியின் சுறுசுறுப்பு. இவற்றை வைத்தே அளவைக் கூட்டினார்கள், குறைத்தார்கள். செயற்கைத் தைராக்ஸின் மாத்திரை வந்த பிறகும் நெடுங்காலம் இதேதான் நடந்தது. தினம் 200, 300 மைக்ரோகிராம் கொடுப்பது சாதாரணம். நோயாளிகளும் நன்றாக இருப்பதாகவே சொன்னார்கள்.

1970-களில் டி.எஸ்.எச். பரிசோதனை பரவலானதும் டாக்டர்களுக்கு அதிர்ச்சி. நலமாக இருப்பதாகச் சொன்னவர்களில் பலருக்குத் தேவைக்கு மேல் ஹார்மோன் போய்க்கொண்டிருந்தது. அளவுகள் மளமளவென்று இறங்கின. உடம்பின் சாட்சியத்தை மட்டும் நம்பி நடந்த காலத்தின் பாடம் அது. இன்று அதற்கு நேரெதிரான ஒரு பழக்கம் வந்திருக்கிறது. ஆளையே பார்க்காமல் தாளை மட்டும் பார்த்து மருந்து எழுதுவது. இதிலும் ஆபத்து உண்டு.

ஆறு வாரக் கணக்கு

மூளையின் அடியில் பட்டாணி அளவில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி, ரத்தத்தில் தைராக்ஸின் எவ்வளவு இருக்கிறது என்று ஓயாமல் வேவு பார்க்கிறது. குறைந்தால், தைராய்டைத் தட்டி எழுப்ப டி.எஸ்.எச். என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. அதிகமானால் அடங்கிவிடுகிறது. அதனால்தான் இந்த எண் தலைகீழாகப் பேசுகிறது. டி.எஸ்.எச். ஏறினால் தைராக்ஸின் போதவில்லை என்று பொருள். மாத்திரையைக் கூட்ட வேண்டும். டி.எஸ்.எச். இறங்கினால் மாத்திரை அதிகம். 'எண் கூடிவிட்டது, அதனால் மாத்திரையைக் குறைத்துவிட்டேன்' என்று நோயாளிகள் டாக்டரைத் திகைக்க வைப்பது இந்தத் தலைகீழ்க் கணக்கு புரியாததால்தான். சர்க்கரை நோயிலும் ரத்த அழுத்தத்திலும் எண் ஏறினால் ஏற்றத்தை அடக்கத்தான் மருந்து. மக்களுக்குப் பழகிய கணக்கு அது.

பிட்யூட்டரி இந்த வேலையில் சற்று மிகையாகவே நடந்துகொள்கிறது. ரத்தத்தில் தைராக்ஸின் பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.எச். இரண்டு மடங்கு ஆவதில்லை. ஏறக்குறைய நூறு மடங்குவரை எகிறலாம். எனவே 4 என்ற எண் 8 ஆனால் நோய் இரண்டு மடங்காகிவிட்டது என்று நினைப்பது பிசகு. அது சிறிய குறைவின் பெரிய எதிரொலி. அதனால்தான் டாக்டர்கள் 12.5 அல்லது 25 மைக்ரோகிராம் என்று சிறு படிகளாக மாற்றுகிறார்கள். 75, 88, 100, 112, 125 என்று இவ்வளவு நெருக்கமான அளவுகளில் மாத்திரைகள் விற்கப்படுவதும் இதனால்தான்.

அடுத்தது பொறுமை. உட்கொண்ட தைராக்ஸினில் பாதி கரைய ஏறக்குறைய ஒரு வாரம் ஆகிறது. அளவை மாற்றினால் ரத்தத்தில் புது மட்டம் நிலைபெற ஐந்தாறு வாரமாகும். அதற்குப் பிறகுதான் டி.எஸ்.எச். உண்மையைச் சொல்லும். ஆறு முதல் எட்டு வாரம் கழித்துச் சோதிக்கச் சொல்வதன் காரணம் இவ்வளவுதான். பத்தாவது நாளே பரிசோதனைக் கூடத்துக்கு ஓடுகிறவர்கள் பழைய அளவையும் புதிய அளவையும் கலந்த ஓர் எண்ணைக் காசு கொடுத்து வாங்கி வருகிறார்கள். அதைப் பார்த்து யாராவது மறுபடி 25 ஏற்றினால், இரண்டு மாதத்தில் எண் பாதாளத்துக்குப் போகும். உடனே 50 இறக்குவார்கள். எண் மறுபடி மேலே. இப்படி ஊஞ்சலாடும் தாள்களைக் கட்டுக்கட்டாகக் கோப்பில் சுமந்துகொண்டு டாக்டர் டாக்டராக அலைபவர்கள் உண்டு.

தொடக்க அளவுக்கும் ஒரு கணக்கு உண்டு. சுரப்பி முற்றிலும் ஓய்ந்துவிட்ட பெரியவருக்கு ஒரு கிலோ எடைக்குச் சுமார் 1.6 மைக்ரோகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 100-ஐ ஒட்டி வரும். சுரப்பி இன்னும் கொஞ்சம் வேலை செய்தால் அதைவிடக் குறைவாகவே தேவைப்படும். இதய நோய் உள்ளவர்களுக்கும் முதியவர்களுக்கும் இந்தப் பெருக்கல் கூடாது. 12.5 அல்லது 25-இல் தொடங்கி மெல்ல மெல்லத்தான் ஏற்ற வேண்டும். நெடுநாள் மந்தமாக ஓடிப் பழகிய இதயத்தைத் திடீரென்று விரட்டினால் நெஞ்சுவலி வரலாம்.

களைப்பு யாருடைய வேலை?

இனி உடம்பின் சாட்சியம். களைப்பு, எடை கூடுதல், முடி கொட்டுதல், மலச்சிக்கல், குளிர் தாங்காமை, மறதி, மாதவிடாய்க் கோளாறு. தைராய்டு குறைபாட்டின் அடையாளங்களாக எந்தப் புத்தகத்திலும் இருக்கும் பட்டியல் இது. சங்கடம் என்னவென்றால் இதே பட்டியலை ரத்தசோகைக்கும் தூக்கக் குறைவுக்கும் மன அழுத்தத்துக்கும் பி-12 குறைபாட்டுக்கும் அப்படியே பொருத்தலாம். 2019-21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி 15 முதல் 49 வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவிகிதத்தினருக்கு ரத்தசோகை. டி.எஸ்.எச். 2.5 என்று சீராக இருந்தும் மாடிப்படி ஏற முடியவில்லை என்று ஒரு பெண் சொன்னால், கூட்ட வேண்டியது தைராக்ஸின் அல்ல. பார்க்க வேண்டியது ஹீமோகுளோபின். விடியற்காலை ஐந்து மணிக்கு எழுந்து, சமைத்து, பிள்ளைகளை அனுப்பி, மின்சார ரயிலில் நின்றுகொண்டே அலுவலகம் போய், இரவு பதினொரு மணிக்குப் படுக்கிறவருடைய களைப்புக்கு எந்தச் சுரப்பியையும் குற்றம் சொல்ல முடியாது என்பதும் உண்டு.

எடை விஷயத்தில் நம்பிக்கை இன்னும் பெரிது. தைராய்டு குறைபாட்டால் மட்டும் கூடும் எடை பொதுவாகச் சில கிலோதான். அதிலும் பெரும்பங்கு உடம்பில் தேங்கும் உப்பும் நீரும். இருபது கிலோவைத் தைராய்டின் கணக்கில் எழுதுவதும், அதைக் கரைக்க மாத்திரையைத் தாமாகவே கூட்டிக்கொள்வதும் வீண். வீண் மட்டுமல்ல, இதயத்தோடு விளையாட்டு.

அளவில் சிறு மாற்றம் செய்தால் நோயாளிக்கு அது தெரிகிறதா என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். 2006-இல் வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில் 56 பேருக்கு மூன்று வெவ்வேறு அளவுகளைத் தலா எட்டு வாரம், எது எது என்று சொல்லாமல் கொடுத்தார்கள். டி.எஸ்.எச். எண்கள் எதிர்பார்த்தபடி ஏறி இறங்கின. ஆனால் களைப்பிலோ உற்சாகத்திலோ வாழ்க்கைத் தரத்திலோ வித்தியாசம் தெரியவில்லை. 2018-இல் அமெரிக்காவில் 138 பேரிடம் நடந்த ஆய்வு இன்னும் சுவாரசியமானது. தங்களுக்கு அளவு கூட்டப்பட்டதா குறைக்கப்பட்டதா என்று அவர்களால் சொல்ல முடியவில்லை. ஆனாலும், கூட்டப்பட்டதாக அவர்களாகவே நினைத்துக்கொண்ட அளவுதான் அவர்களுக்குப் பிடித்திருந்தது.

இதைக் கேட்டு உடம்பு பொய் சொல்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது. சிறு மாற்றங்கள் விஷயத்தில் உடம்பின் குரல் மங்கலானது, அவ்வளவே. பெரிய பிழைகளை அது உரக்கவே சொல்லும். மாத்திரையைக் கூட்டிய சில வாரங்களில் நெஞ்சு படபடப்பு, கைநடுக்கம், வியர்வை, தூக்கமின்மை, காரணமில்லாத எரிச்சல், அடிக்கடி மலம் கழிதல் என்று வந்தால் எட்டு வாரம் காத்திருக்கத் தேவையில்லை. உடனே டாக்டரிடம் போக வேண்டும். அளவு மிஞ்சுவதன் விலை சில நேரம் சத்தமில்லாமல் கழிக்கப்படுகிறது. அமெரிக்காவின் ஃப்ராமிங்ஹாம் ஆய்வு 1994-இல் வெளியிட்ட முடிவின்படி, 60 வயதைத் தாண்டியவர்களில் டி.எஸ்.எச். 0.1-க்கும் கீழே அமுங்கியிருந்தவர்களுக்கு அடுத்த பத்து ஆண்டுகளில் இதயம் தாறுமாறாகத் துடிக்கும் கோளாறு வரும் வாய்ப்பு மூன்று மடங்கு. அந்தக் கோளாறு பக்கவாதத்துக்கு வழி திறக்கிறது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேய்கிறது. (தைராய்டு புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்றவர்களில் சிலருக்கு டாக்டர்கள் வேண்டுமென்றே டி.எஸ்.எச்.-ஐ அமுக்கி வைப்பார்கள். அவர்கள் இந்தப் பத்தியைப் படித்துவிட்டு மாத்திரையைக் குறைத்துக்கொள்ளக் கூடாது.)

எண் ஏமாற்றும் இடம்

'எல்லாம் நார்மல்' என்று தாள் சொல்ல, உடம்பு மட்டும் ஒப்புக்கொள்ளாத ஒரு நோய் உண்டு. இந்தியாவில் அது அரிதும் அல்ல. கர்ப்ப காலத்தில் பிட்யூட்டரி சுரப்பி பெருக்கிறது. அதற்கு அதிக ரத்தம் வேண்டும். பிரசவத்தின்போது கடுமையான ரத்தப்போக்கு ஏற்பட்டால் ரத்தம் கிடைக்காமல் அந்தச் சுரப்பியே கருகிவிடலாம். ஷீஹன் நோய் என்று பெயர். தாய்க்குப் பால் சுரக்காது. மாதவிடாய் திரும்பாது. மெல்ல மெல்லச் சோர்வு, குளிர், வெளிறிய முகம், தாழ்ந்த ரத்த அழுத்தம். பிரசவ பலவீனம் என்று மாமியாரும், ரத்தமில்லை என்று உள்ளூர் வைத்தியரும் சொல்லிச் சொல்லியே பத்து, பதினைந்து ஆண்டுகள் ஓடிவிடும். மேலை நாடுகளின் மருத்துவமனைகளில் பிரசவ ரத்தப்போக்கு உடனுக்குடன் கட்டுப்படுத்தப்படுவதால் அங்கு இது ஏறக்குறைய மறைந்துவிட்டது. ஆனால் காஷ்மீர் பள்ளத்தாக்கில் நடந்து 2005-இல் வெளியான ஆய்வு, குழந்தை பெற்ற 20 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் சுமார் 3 சதவிகிதத்தினருக்கு இந்த நோய் இருக்கலாம் என்று மதிப்பிட்டது. பாதிக்கப்பட்டவர்களில் பெரும்பாலோர் வீட்டில் பிரசவித்தவர்கள்.

இவர்களுக்கு டி.எஸ்.எச். சோதித்தால் என்ன வரும்? வேவு பார்க்கும் அதிகாரியே இறந்துவிட்டார். அறிக்கை எங்கிருந்து வரும்? தைராக்ஸின் அடிமட்டத்தில் கிடக்கும்போதும் டி.எஸ்.எச். குறைவாகவோ சாதாரணமாகவோ சற்று உயர்ந்தோகூட இருக்கலாம். அந்த ஒற்றை எண்ணை மட்டும் பார்க்கிற டாக்டர் 'தைராய்டில் ஒன்றுமில்லை' என்று அனுப்பிவிடுவார். 'கடைசிப் பிரசவத்தில் ரத்தம் நிறையப் போனதா, குழந்தைக்குப் பால் கொடுத்தீர்களா?' என்று கேட்கிற டாக்டர், ரத்தத்திலுள்ள தைராக்ஸினை நேரடியாக அளக்கச் சொல்வார். இவர்களுக்கு மாத்திரையின் அளவைத் தீர்மானிப்பது அந்த எண்ணும் உடம்பு நிலையும்தான், டி.எஸ்.எச்.-க்கு அங்கே வேலையில்லை. இன்னொரு எச்சரிக்கையும் உண்டு. பிட்யூட்டரி போனால் அட்ரீனல் சுரப்பியும் முடங்கியிருக்கும். அதற்குரிய ஸ்டீராய்டைக் கொடுக்காமல் முதலில் தைராக்ஸினைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிருக்கே ஆபத்தாகலாம்.

அதே மாத்திரை, வேறு எண்

சில சமயம் குற்றவாளி சமையலறையில் இருப்பார். ஒரே அளவு மாத்திரை, ஒழுங்காகச் சாப்பிட்டும் டி.எஸ்.எச். ஏறியிருந்தால், அளவைக் கூட்டுவதற்கு முன் கேட்க வேண்டியது எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்பது. தைராக்ஸின் வெறும் வயிற்றில், தண்ணீரோடு, முதல் கவளத்துக்கு அரை மணி முதல் ஒரு மணி நேரம் முன்னால் உள்ளே போக வேண்டும். ஆனால் பல வீடுகளில் அது படுக்கைக் காபியோடு சேர்ந்தே போகிறது. காபி தைராக்ஸினை உடல் உறிஞ்சவிடாமல் தடுக்கிறது என்பதை 2008-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் காட்டினார்கள். பாலில் சுண்ணாம்புச் சத்து வேறு. சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இரும்புச் சத்து மாத்திரையும் தைராக்ஸினைக் குடலிலேயே பிடித்துக்கொள்கின்றன. நான்கு மணி நேர இடைவெளி வேண்டும். அமில எரிச்சலுக்கென்று காலையில் போடுகிற மாத்திரையும் அதன் வேலையைக் கெடுக்கும். காலை ஒழுங்குக்கு வராதவர்கள் இரவு படுக்கும்போது, சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது கழித்து எடுத்துக்கொள்ளலாம். 2010-இல் வெளியான நெதர்லாந்து ஆய்வில் இரவு மாத்திரைக்காரர்களின் எண்கள் காலைக்காரர்களைவிடச் சற்று நன்றாகவே இருந்தன. ரமலான் நோன்பிருப்பவர்களுக்கு இது வசதி.

அப்புறம் வெயில். தைராக்ஸின் வெப்பம், ஈரம், வெளிச்சம் மூன்றுக்கும் அஞ்சும் மருந்து. மே மாதத்தில் நாக்பூரிலும் ஜெய்ப்பூரிலும் அடுப்புக்கு மேலுள்ள அலமாரியில் அந்தப் புட்டி என்ன பாடுபடும் என்று யோசித்தால் போதும். நூறு மாத்திரைப் புட்டியைத் திறந்து, உள்ளேயிருக்கும் ஈரம் உறிஞ்சும் பொட்டலத்தை எறிந்துவிட்டு, எவர்சில்வர் டப்பாவில் கொட்டி வைப்பவர்களும் உண்டு. வீரியம் குறைந்த மாத்திரையைச் சாப்பிட்டு எண் ஏறினால் டாக்டர் 25 கூட்டுவார். அடுத்த புட்டி புதிதாக, குளிர்ந்த இடத்தில் இருந்தால் அதுவே அதிகமாகிவிடும். கடைக்காரர் 'இதுவும் அதேதான்' என்று வேறு கம்பெனி மருந்தைக் கொடுத்தாலும் ஆறு வாரம் கழித்து ஒரு முறை சோதிப்பது நல்லது. மருந்து அதேதான் என்றாலும் கூடச் சேர்க்கும் மாவுப்பொருள்கள் வேறாகலாம். பிரான்ஸில் 2017-இல் ஒரே கம்பெனி தன் மாத்திரையில் லாக்டோஸை எடுத்துவிட்டு வேறு பொருள்களைச் சேர்த்ததற்கே ஆயிரக்கணக்கானவர்கள் புகார் செய்து நாடே அமளிப்பட்டது.

பரிசோதனைக்கும் சில பத்தியங்கள் உண்டு. டி.எஸ்.எச். இரவில் ஏறி, பிற்பகலில் இறங்கும். எனவே ஒவ்வொரு முறையும் ஒரே நேரத்தில், முடிந்தால் ஒரே கூடத்தில் ரத்தம் கொடுத்தால்தான் ஒப்பிட முடியும். அன்றைய மாத்திரையை ரத்தம் கொடுத்த பிறகு போட்டுக்கொள்வது மேல். முடி கொட்டுகிறதென்று பயோட்டின் மாத்திரை சாப்பிடுபவர்கள் குறைந்தது இரண்டு நாள் முன்பே நிறுத்த வேண்டும். அது சில பரிசோதனை இயந்திரங்களைக் குழப்பி, டி.எஸ்.எச். குறைந்திருப்பதுபோல் காட்டிவிடும். தைராய்டால் முடி கொட்டுகிறது என்று பயந்து அந்த மாத்திரையைச் சாப்பிடப்போய், அதனாலேயே தைராய்டு எண் பொய்யாகிறது.

காத்திருக்கக் கூடாத நேரம்

பொறுமையைப் பற்றிச் சொன்னதெல்லாம் செல்லாத இடம் ஒன்று உண்டு: கர்ப்பம். முதல் மாதங்களில் கருவுக்குச் சொந்தத் தைராய்டு இயங்குவதில்லை. அதன் மூளை வளர்ச்சிக்கான ஹார்மோன் முழுக்கத் தாயிடமிருந்துதான் போக வேண்டும். 2004-இல் வெளியான அமெரிக்க ஆய்வு, மாத்திரை சாப்பிடும் பெண்களுக்கு ஐந்தாவது வாரத்திலேயே தேவை ஏறத் தொடங்குவதையும், கர்ப்பத்தின் முதல் பாதிக்குள் சராசரியாக 47 சதவிகிதம் கூடுவதையும் காட்டியது. பல பெண்களுக்குக் கர்ப்பம் என்று சந்தேகமே வராத வாரம் அது. எனவே டாக்டர்கள் ஒரு எளிய வழி சொல்லிவைக்கிறார்கள். கர்ப்பம் உறுதியான அன்றே, பரிசோதனை முடிவுக்குக் காத்திராமல், வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது. பிறகு பாதிக் கர்ப்பம்வரை நான்கு வாரத்துக்கு ஒரு முறை சோதித்து, டி.எஸ்.எச்.-ஐ 2.5-க்குக் கீழே வைக்கிறார்கள்.

இங்கேதான் இன்னொரு மோதல். நான்காம் மாதத்திலிருந்து அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இரும்புச் சத்து மாத்திரையும் சுண்ணாம்புச் சத்து மாத்திரையும் இலவசமாகக் கொடுக்கிறார்கள். கொடுக்க வேண்டியவைதான். ஆனால் மூன்றையும் ஒரே உள்ளங்கையில் வைத்து, ஒரே மடக்குத் தண்ணீரில் விழுங்கினால் தைராக்ஸின் குடலைத் தாண்டாது. தைராக்ஸின் விடிந்ததும், இரும்பு மதியம், சுண்ணாம்பு இரவு என்று பிரித்துச் சொல்ல ஒரு நிமிடம் போதும். கூட்டம் முண்டியடிக்கும் புறநோயாளிகள் பிரிவில் அந்த ஒரு நிமிடம்தான் கிடைப்பதில்லை. பிரசவமானதும் அளவைப் பழைய நிலைக்கு இறக்கி, ஆறு வாரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். இதை மறந்து கர்ப்பகால அளவையே வருஷக்கணக்கில் தொடர்பவர்களுக்குப் படபடப்பு வரும்போது, புதுத் தாயின் பதற்றம் என்று அதற்கு வேறு பெயர் வைத்துவிடுகிறார்கள்.

பிறந்த குழந்தைகளில் ஏறக்குறைய ஆயிரத்தில் ஒன்றுக்குத் தைராய்டு இல்லாமலோ வேலை செய்யாமலோ இருக்கிறது. அங்கே அறிகுறிக்காகக் காத்திருப்பதே குற்றம். நாக்கு தடித்து, அழுகை கரகரத்து, நோய் கண்ணுக்குத் தெரியும்போது மூளை பின்தங்கியிருக்கும். குதிகாலில் எடுக்கும் ஒரு சொட்டு ரத்தத்தில் கண்டுபிடித்து, இரண்டு வாரத்துக்குள் கிலோவுக்கு 10 முதல் 15 மைக்ரோகிராம் கொடுத்தால் குழந்தை மற்றக் குழந்தைகளைப்போல் வளரும். எடையோடு ஒப்பிட்டால் பெரியவருடைய அளவைப்போல் ஆறு மடங்குக்கும் மேல். கேரளமும் கோவாவும் இந்தச் சோதனையை அரசுத் திட்டமாகவே நடத்துகின்றன. நாடு முழுக்க அது இன்னும் கட்டாயமாகவில்லை.

வாழ்க்கையின் மறுமுனையில் நிலைமை தலைகீழ். வயது ஏற ஏற டி.எஸ்.எச். இயல்பாகவே சற்று ஏறுகிறது. 75 வயதில் 6 என்ற எண் நட்சத்திரக் குறியோடு வரும். ஆனால் அது நோயாக இருக்க வேண்டியதில்லை. ஐரோப்பாவில் 65 வயதைத் தாண்டிய 737 பேருக்கு இப்படிச் சற்றே உயர்ந்த எண்ணை மாத்திரையால் இறக்கிப் பார்த்து 2017-இல் முடிவை வெளியிட்டார்கள். எண் அழகாக இறங்கியது. களைப்பிலோ மற்ற அறிகுறிகளிலோ வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் இவர்களுக்கும் வித்தியாசமில்லை. எண் 10-ஐத் தாண்டினால் பொதுவாக மாத்திரை வேண்டும். 4-க்கும் 10-க்கும் இடையில் முதல்முறை வந்தால் இரண்டு மூன்று மாதம் கழித்து மறுபடி சோதிப்பதுதான் முறை. கணிசமானவர்களுக்கு அது தானே இறங்கிவிடுகிறது. 'முழு உடல் பரிசோதனை'த் தள்ளுபடித் திட்டத்தில் கிடைத்த ஒரே ஒரு தாளை வைத்து ஆயுள் முழுக்க மாத்திரை தொடங்குவதற்கு அவசரம் எதுவும் கிடையாது.

பெரிதும் கவனிக்கப்படாதவர்கள், நாற்பது வயதில் 100 என்று எழுதிக் கொடுத்த சீட்டை எழுபத்தைந்து வயதிலும் மருந்துக் கடையில் நீட்டிக்கொண்டிருப்பவர்கள். எடை பத்துக் கிலோ குறைந்திருக்கும். உடல் மருந்தைக் கரைக்கும் வேகமும் குறைந்திருக்கும். மகன் பெங்களூரில், மகள் புனேயில். மாதா மாதம் மாத்திரை தபாலில் தவறாமல் வந்துவிடும். கடைசியாக எப்போது சோதித்தது என்று கேட்டால் பாட்டிக்கு நினைவிருக்காது. இரவில் தூக்கமில்லை, நெஞ்சு அடித்துக்கொள்கிறது என்பார். வயசாச்சு என்று அவரே பதிலும் சொல்லிக்கொள்வார். ஒரு டி.எஸ்.எச். எடுத்து, அது 0.05 என்று வந்தால், இதயத் துடிப்பை ஒரு முறை பதிவுசெய்து பார்த்துவிட்டு டாக்டர் மாத்திரையை 75 ஆக்குவார். ஆறு வாரம் கழித்து மறுபடி ரத்தம் கொடுக்க வேண்டும்.